பிரசங்கபீடத்தில் ஏறுவதற்கு முன்: நோர்வூட்டிலிருந்து டி.ரி. நைல்ஸை நினைக்கிறேன்

யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. 2010ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோர்வூட்டில் எங்கள் தோட்டத்துச் சிறிய ஆலயத்தில் பிரசங்கம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் குருவானவர் அல்ல, தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஒரே போதகர் பல தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால், அவர் வர முடியாத வாரங்களில் என்னைப் போன்றவர்கள்தான் பிரசங்கிப்போம்.

அன்று மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பம் அவருடையது. 2009இல் முகாமுக்குள் போய், அங்கிருந்து வெளியே வந்தபோது போக்கிடம் இல்லாமல் தம்பியின் லயத்துக் காம்பராவுக்கே திரும்பியிருந்தார். மகன் கூட வரவில்லை. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் கடவுளின் சித்தம், எல்லாம் நன்மைக்கே என்று நான் அரை மணித்தியாலம் பேசினேன். பாதியிலேயே அக்கா எழுந்து போய்விட்டார். பின்னேரம் பார்க்கப் போனேன். கோபப்படவில்லை, தேத்தண்ணீர் தந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். அவருடைய மகனின் பெயர் எனக்குத் தெரியுமா என்று. எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் பிரசங்கம் என்றால் என்ன என்று முறையாகக் கற்றுக்கொள்ளப் போனேன். ஞாயிறு பிரசங்கிமாருக்கான வகுப்பு அது. பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் படித்த ஒரு முதிய போதகர் எங்களுக்குப் பாடம் எடுத்தார. வேதப்பகுதியை எப்படி வாசிப்பது, எப்படிப் பிரிப்பது, எப்படி முடிப்பது என்றெல்லாம் சொல்லித் தருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முதல் நாள் முழுவதும் ஒரு மனிதரின் வாழ்க்கையையே சொன்னார்.

அந்த மனிதர் டானியல் தம்பிராஜா நைல்ஸ். 1908 மே 4ஆம் திகதி தெல்லிப்பழைப் பகுதியில் பிறந்தவர். தகப்பனார் சட்டத்தரணி, பாட்டனார் போதகர். அமெரிக்க மிஷன் வழியாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பம். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1929 முதல் 1933 வரை படித்தார். மெதடிஸ்த திருச்சபையில் குருவானவராகி, வடக்கில் ஊர் ஊராகப் போய் நற்செய்திப் பணி செய்தார்.

அவர் இளைஞராக இருந்த காலத்துச் சம்பவம் ஒன்று இறையியல் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1935இல் அவர் சுவிஸ் நாட்டு இறையியலாளர் கார்ல் பார்த்தைச் சந்தித்தார். அந்தக் காலத்தில் புரட்டஸ்தாந்து உலகம் முழுவதும் மதித்த பெயர் பார்த். பேச்சினிடையே, மற்ற மதங்கள் எல்லாம் அவிசுவாசமே என்றார் பார்த். எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையும் இல்லை என்றார் பார்த். அப்படியென்றால் இந்து சமயம் அவிசுவாசம் என்று எப்படித் தெரியும் என்று நைல்ஸ் கேட்க, அது முன்கூட்டியே தெரிந்த விஷயம் என்று பதில் வந்தது. நைல்ஸ் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டாராம்.

நைல்ஸ் பார்த்தை வெறுக்கவில்லை, அவரிடமிருந்து நிறையக் கற்றார். ஆனால் சைவக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவருக்கு, பக்கத்து வீட்டுக்காரரைச் சந்திக்காமலே அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது பொருந்தி வரவில்லை. அந்தக் கதையைக் கேட்டபோது நான் தலை குனிந்தேன். அக்காவின் மகனைப் பற்றி எதுவும் கேட்காமலே, அவனுக்கு நடந்தது கடவுளின் சித்தம் என்று சொன்னவன் நான்.

1957இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரசங்கக் கலை பற்றிய லைமன் பீச்சர் விரிவுரைகளை ஆற்ற நைல்ஸ் அழைக்கப்பட்டார். பிரசங்கிகள் பெரிய கௌரவமாகக் கருதும் மேடை அது. கேட்பவர்கள் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்பதையே அவர் அங்கே பேச எடுத்துக்கொண்டார். ஓர் இந்துவுக்கு, ஒரு முஸ்லிமுக்கு, ஒரு பௌத்தருக்குக் கிறிஸ்தவச் செய்தியில் இடறலாக இருப்பது எது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நற்செய்தி சொல்வதை அவர் பிச்சைக்காரரை வைத்து விளக்கியதும் பிரபலம். சாப்பாடு கிடைக்கும் இடத்தை ஒரு பிச்சைக்காரர் இன்னொருவருக்குக் காட்டுவது போன்றது அது என்பார். காட்டுகிறவருக்கும் பசி உண்டு, அவரும் வெறுங்கையோடு வந்தவர்தான்.

உலகம் அவரை அறிந்தது இரண்டு பிரசங்கங்களால். முதலாவது 1948 ஆகஸ்டில். உலகத் திருச்சபைகள் மன்றம் ஆம்ஸ்டர்டாமில் உருவானபோது, தொடக்க ஆராதனையில் பேசியவர்களில் ஒருவர் நாற்பது வயதான இந்த யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டாவது 1968 ஜூலையில், சுவீடனின் உப்சாலாவில். அங்கே பிரசங்கிக்க வேண்டியவர் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரல் 4ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் நைல்ஸ் ஏறி நின்றார். கொல்லப்பட்ட ஒருவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்று பேசுவது எவ்வளவு பாரம் என்பதை, நமது பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இவற்றுக்கு நடுவே அவர் பொதுக்கூட்ட மேடைகளிலேயே வாழ்ந்துவிடவில்லை. 1950களில் யாழ் மத்திய கல்லூரியின் அதிபராக இருந்தார், சபைகளில் போதகராக வேலை செய்தார். 1957இல் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு உருவானபோது அதன் பொதுச் செயலாளரானார். ஆசிய மெட்டுகளில் ஆசியர்கள் பாட வேண்டும் என்று ஒரு பாட்டுப் புத்தகம் தொகுத்தார், அதற்குத் தானும் பாடல்கள் எழுதினார். இலங்கை மெதடிஸ்த திருச்சபையின் தலைவராக இருந்த நிலையில், 1970 ஜூலை 17ஆம் திகதி வேலூரில் காலமானார். அப்போது வயது 62.

நோர்வூட்டில் இருந்து இந்த வாழ்க்கையைப் பார்க்கும்போது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நைல்ஸ் ஆம்ஸ்டர்டாமில் பேசிய அதே 1948 ஆகஸ்டில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம் கொழும்பில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. நவம்பரில் அது சட்டமாகியது. என் பாட்டனார் உட்பட மலையகத்தில் சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றது. அந்த எண்ணிக்கைகளில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

நைல்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் பார்த்திடம் கேட்ட கேள்வி அவரோடு முடிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வடக்கில் இருந்து இதை வாசிப்பவர்களே, தேயிலை மலையில் வாழும் எத்தனை பேரை நீங்கள் பெயர் சொல்லி அறிவீர்கள்? வன்னியில் உங்களோடு கூடவே ஷெல்லுக்குள் ஓடியவர்களில் எங்கள் லயங்களில் இருந்து வந்தவர்களும் இருந்தார்கள். இதே கேள்வியை எங்களிடமும் கேட்க வேண்டும். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து மலைக்குத் திரும்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தோம், அரிசி கொடுத்தோம். அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்டோமா? நான் கேட்கவில்லை. ஆலயத்திலும் நானேதான் பேசினேன்.

வகுப்பு முடிந்து வந்த பிறகு, சனிக்கிழமை பின்னேரங்களில் அக்காவின் காம்பராவுக்குப் போகத் தொடங்கினேன். முதல் சில வாரங்கள் அவர் மழையைப் பற்றியும் கொழுந்தைப் பற்றியும்தான் பேசினார். பிறகு மகனைப் பற்றிச் சொன்னார். அவனுக்குப் பிடித்த கறி, அவன் ஓடிய சைக்கிள், கடைசியாக அவனைப் பார்த்த இடம். வேதப் புத்தகத்தில் சங்கீதக்காரர்கள் கடவுளிடமே முறையிடும் பக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை நான் அதுவரை பிரசங்கத்துக்கு எடுத்ததே இல்லை. அக்காவிடம் கேட்ட பிறகுதான் அவை யாருக்காக எழுதப்பட்டவை என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த முறை என் முறை வந்தபோது, அவரிடம் அனுமதி கேட்டு, ஜெபத்தில் அவனுடைய பெயரைச் சொன்னேன். ஏன் இப்படி நடந்தது என்பதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அக்கா கடைசி வரை இருந்தார்.

இப்போதும் அவர் எல்லா ஞாயிறும் வருவதில்லை. வராத நாட்களில் நான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று யோசிப்பேன். சனிக்கிழமைகளில் லயத்தைச் சுற்றி வந்த பிறகே பிரசங்கத்தை எழுத உட்காருகிறேன். ஒரு வீட்டுக்கும் போக முடியாத வாரத்தில், வேதப்பகுதியை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிவிடுவேன்.