ஆர்தர் லிடியார்ட்: மெதுவாக ஓடச் சொல்லி ஒலிம்பிக் தங்கம் வாங்க வைத்த ஷூ ஃபேக்டரி தொழிலாளி

ஜிம் டிரெட்மில்லில் 20 நிமிஷம் அசராமல் ஓடுவோம். அதே தைரியத்தில் ஒருநாள் காலையில் ரோட்டில் இறங்கினால், அஞ்சாவது நிமிஷத்திலேயே நாக்கு தள்ளும். நமக்கு ஸ்டாமினாவே இல்லை போல என்று முடிவு கட்டி, மறுநாள் மறுபடியும் ஜிம்முக்கே போய்விடுவோம்.

பெரும்பாலும் சிக்கல் ஸ்டாமினாவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. இதைச் சுமார் 80 வருஷத்துக்கு முன்பே தன் உடம்பை வைத்துச் சோதித்துப் பார்த்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஒலிம்பிக் சாம்பியன்களை உருவாக்கிய பயிற்சியாளர் அவர். சாதாரண ஆட்கள் காலையில் ஜாக்கிங் போகும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் இந்த லிடியார்ட்?

1917 ஜூலை 6-ம் தேதி ஆக்லாந்தில் பிறந்தார். விளையாட்டு அறிவியல் படித்தவர் கிடையாது. ஷூ ஃபேக்டரியில் வேலை, வார இறுதியில் ரக்பி. ரக்பி ஆடுவதால் தான் நல்ல ஃபிட்டாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நினைப்பு உடைந்தது 1940-களில். உள்ளூர் தடகள கிளப்பைச் சேர்ந்த ஜாக் டோலன் என்ற நண்பர், அவரைவிட வயதில் மூத்தவர், அவரைச் சுமார் 5 மைல், அதாவது 8 கி.மீ. ஓட்டத்துக்கு அழைத்துப் போனார். டோலன் சாதாரணமாக ஓடி முடித்தார். லிடியார்டுக்கு நெஞ்சு அடைத்தது, கால் துவண்டது. இருபதுகளிலேயே இந்த நிலைமை என்றால் ஐம்பது வயதில் எப்படி இருப்போம் என்ற பயம் வந்தது. அந்தப் பயம்தான் அவரை ஓட வைத்தது.

சோதனை எலி அவரேதான்

கிடைத்த புத்தகங்களைப் படித்தார். அவற்றில் பதில் கிடைக்காததால் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு வாரம் குறைவான தூரம், அடுத்த வாரம் மிக அதிகம். ஒருநாள் வேகமாக, இன்னொரு நாள் நிதானமாக. எதைச் செய்தால் உடம்பு தேறுகிறது, எதைச் செய்தால் படுத்துவிடுகிறது என்று பல வருஷங்கள் கவனித்தார். குடும்பம், ஃபேக்டரி வேலை, கூடுதல் வருமானத்துக்குப் பால் விநியோகம் என எல்லாவற்றுக்கும் நடுவேதான் இந்த ஓட்டம்.

கடைசியில் அவருக்குப் பிடிபட்டது இதுதான்: தினமும் மூச்சு முட்ட ஓடினால் உடம்பு சீக்கிரமே தேங்கிவிடும். தாங்கக்கூடிய வேகத்தில் நிறைய நேரம் ஓடினால் தாங்கும் சக்தி வளர்ந்துகொண்டே போகும். வேகப் பயிற்சியை அதற்கு அப்புறம்தான் சேர்க்க வேண்டும். 1953, 1955 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நியூசிலாந்தின் மாரத்தான் சாம்பியன் ஆனார்.

800 மீட்டர் ஓட 35 கி.மீ. பயிற்சியா?

அவர் ஓடுவதைப் பார்த்து அக்கம்பக்கத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே அஸ்திவாரம்தான். போட்டிக் காலத்துக்கு முன்பு சில மாதங்கள், வாரத்துக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கி.மீ. அதில் ஒருநாள் வைட்டகேரே மலைப்பகுதியில் ஏற்ற இறக்கம் நிறைந்த 35 கி.மீ. சுற்று. அதன் பிறகு மேட்டில் ஏறும் பயிற்சி. கடைசி சில வாரங்களில்தான் வேகம்.

800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லுக்கும் இதே பாடத்திட்டம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 160 கி.மீ. என்பது 800 மீட்டரைப் போல 200 மடங்கு. ரெண்டு நிமிஷத்துக்குள் முடியும் ஒரு பந்தயத்துக்கு இவ்வளவு எதற்கு என்று பலரும் கேட்டார்கள்.

1960 செப்டம்பர் 2-ம் தேதி ரோம் ஒலிம்பிக்கில் பதில் கிடைத்தது. 800 மீட்டரில் ஸ்னெல், உலக சாதனையாளரான பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸை முந்தித் தங்கம் வென்றார். அதே மாலையில், ரக்பி காயத்தால் ஒரு கை செயலிழந்த மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். சில நாள் கழித்து மாரத்தானில் பேரி மகீ வெண்கலம். மூவரும் லிடியார்டிடம் பயின்றவர்கள். அப்போது நியூசிலாந்தின் மக்கள்தொகை சுமார் 24 லட்சம்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தாங்கக்கூடிய வேகத்தில் ஓடும்போது தசைகள் பெரும்பாலும் ஆக்சிஜனைப் பயன்படுத்தித்தான் சக்தியைத் தயாரிக்கின்றன. இதை மாதக்கணக்கில் தொடர்ந்தால் தசை செல்களில் மைட்டோகாண்ட்ரியா பெருகும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தத்தை வெளியே தள்ளும். நேற்று மூச்சு வாங்கிய அதே வேகம், சில மாதம் கழித்து எளிதாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சும் நுரையீரலும் தேறும் வேகத்துக்குத் தசைநாணும் எலும்பும் தேறாது. மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் முழங்கால் வலியோடு நிற்பது இதனால்தான். வாரம் 160 கி.மீ. என்பது பல வருஷம் ஓடியவர்களுக்கான எண், நமக்கானது இல்லை.

ஜாக்கிங் பரவியது எப்படி?

மாரடைப்பு வந்தவருக்கு வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு என்பதுதான் அந்தக் காலத்தின் வழக்கமான வைத்தியம். லிடியார்ட் 1960-களின் தொடக்கத்தில், இதய நோயில் இருந்து மீண்ட நடுத்தர வயது ஆண்களை ஆக்லாந்தில் மெதுவாக ஓட வைத்தார். சாம்பியன்களுக்குச் சொன்ன அதே விதிதான்: பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். ஆக்லாந்து ஜாக்கர்ஸ் கிளப் இப்படித்தான் உருவானது.

1962-ன் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மேன் அங்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 51. கிளப்போடு ஓடிப் பார்த்தபோது, எழுபது தாண்டிய ஒரு முன்னாள் இதய நோயாளிக்குக்கூட அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஊர் திரும்பியதும் பொதுமக்களுக்கு ஜாக்கிங் வகுப்பு ஆரம்பித்தார். ஒரு இதய மருத்துவரோடு சேர்ந்து அவர் எழுதிய ஜாக்கிங் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 1964-ல் அவர் ஃபில் நைட்டோடு சேர்ந்து தொடங்கிய ஷூ நிறுவனம்தான் பின்னாளில் நைக்கி ஆனது.

டிரெட்மில்லில் இருந்து ரோட்டுக்கு: லிடியார்ட் காட்டும் வழி

டிரெட்மில்லில் வேகத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். எதிர்க்காற்று கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, ஏசி வேறு. ரோட்டில் வேகத்தை நாமேதான் பிடிக்க வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் அங்கேதான் தங்களுக்கே தெரியாமல் வேகமாக ஓடிவிடுகிறார்கள்.

அப்போ என்னதான் பண்றது? புதியவர்களுக்கு லிடியார்ட் சொன்ன வழிக்கு ஸ்மார்ட்வாட்ச் கூட வேண்டாம். தூரத்தை மறந்துவிடுங்கள், நேரத்தைப் பாருங்கள். வீட்டில் இருந்து 5 நிமிஷம் ஓடுங்கள், திரும்பி வாருங்கள். திரும்பி வர 5 நிமிஷத்துக்கு மேல் ஆனால், போகும்போது வேகம் ஜாஸ்தி. அடுத்த நாள் குறையுங்கள். போக வர ஒரே நேரம் ஆகி, வந்த பிறகும் உடம்பில் தெம்பு மிச்சமிருந்தால் அதுதான் உங்கள் வேகம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிஷங்களைக் கூட்டலாம்.

நம் ஊர் வெயிலில் அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கும். டிரெட்மில்லில் பழகிய எண்ணைவிட மெதுவாக ஓடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே இதயப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

கடைசி வரை

லிடியார்ட் 1960-களின் பிற்பகுதியில் ஃபின்லாந்து போய் அங்குள்ள பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அந்நாட்டின் லாஸி விரன் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

2004 டிசம்பர் 11-ம் தேதி, அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது டெக்சாஸில் இறந்தார். வயது 87. மும்பை மாரத்தான் முதல்முறை நடந்ததும் அதே 2004-ல்தான். இன்று மும்பையிலும் பெங்களூருவிலும் சென்னையிலும் அலுவலகம் போகும் முன் ஓடுகிறவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் ஒவ்வொருவரும் அவர் போட்ட பாதையில்தான் ஓடுகிறார்கள்.