சித்திரசாலையில் ராஜா ரவிவர்மா

தாமரைத் தடாகத்தின் நடுவே, மலர்ந்த கமலத்தின்மீது நின்ற திருக்கோலத்தில், மேலிரு கரங்களில் தாமரை ஏந்தி எழுந்தருளியிருக்கும் திருமகளின் படத்தை அறியாத அன்பர் இலர். பூஜை அறையிலும் வாணிபக் கூடத்திலும் அப்படத்திற்கு மாலை சாத்தித் தூபம் காட்டுவோர் பலர். அவ்வண்ணம் அத்திருவுருவை எழுதிய கரம் யாருடையது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கிளிமானூர் ராஜா ரவிவர்மாவே அவர். கனவில் கண்டதை விடிந்ததும் ஒரே மூச்சில் வரைந்துவிட்டார் என்று கதை சொல்வது எளிது. உண்மை அதனினும் சுவையானது. அவருடைய சித்திரங்கள் பார்த்தும், விசாரித்தும், அலைந்தும், பன்னாள் சிந்தித்தும் கண்டெடுக்கப்பட்டவை.

திருவனந்தபுரத்திற்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். தந்தை வேத சாஸ்திர விற்பன்னர். அன்னை உமாம்பா கவி பாட வல்லவர். தாய்மாமன் ராஜராஜவர்மா தஞ்சாவூர்ப் பாணியில் சித்திரம் எழுதுபவர். அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் மனிதரையும் கிறுக்கிய சிறுவனைப் பிறர் கடிந்தபோது, அம்மாமன் அக்கிறுக்கலிலே கையின் உறுதியைக் கண்டார் என்பர்.

1862-இல், பதினான்கு பிராயத்தில், அனந்தபத்மநாபன் பள்ளிகொண்ட திருவனந்தபுரத்திற்கு மாமனுடன் வந்தார். ஆயில்யம் திருநாள் மகாராஜா சிறுவனின் திறம் கண்டு மகிழ்ந்து, அங்கேயே தங்கிப் பயில அருளினார். ஆனால் பயிற்றுவிப்பார் யார்? தைலவர்ணம் தீட்டும் வித்தை அந்நாளில் அச்சமஸ்தானத்தில் அரிதினும் அரிது. அரண்மனை ஓவியர் ராமசுவாமி நாயக்கர் அதனை அறிந்தவர், சொல்லித்தர மறுத்தார். அவரிடம் உதவியாளராயிருந்த ஆறுமுகம் பிள்ளையே இரவு வேளைகளில் வந்து, வர்ணம் கலக்கும் முறையை இரகசியமாக ரவிவர்மாவுக்கு உணர்த்தினார் என்று சரித்திரம் எழுதினோர் கூறுவர். நாயக்கரை முற்றும் குறைகூறுவதற்கில்லை. கைத்தொழிலின் மர்மமே ஜீவனோபாயமாயிருந்த காலம் அது.

1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவத்தை எழுத வந்தார். அவரும் கற்பிக்க இசைந்திலர். தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்க மாத்திரம் அனுமதித்தார். இளைஞர் நின்றார், பார்த்தார். முதலில் இடும் வர்ணம் எது, அது உலர்ந்தபின் மேலே ஏறுவது எது, ஒளி முகத்தின் எப்பக்கம் விழுகிறது, நிழல் எங்கே மெலிகிறது என்று கண்ணாலேயே பாடம் கேட்டார். இரவில் தனித்திருந்து அவற்றைத் தம் கையால் செய்து பார்த்தார். குருவின் சொல் கிட்டாமையால் கண்ணே குருவாயிற்று. பிற்காலத்தில் அவர் எடுத்த பெருங்காரியங்கள் யாவற்றிற்கும் இந்தப் பார்வையே மூலதனம்.

1870-இல் கொல்லூர் மூகாம்பிகை சந்நிதியில் ஒரு மண்டலம் பஜனமிருந்தபின் ஓவியத்தையே தொழிலாக மேற்கொண்டார். அரச குலத்தோர் கூலிக்கு வரைவதோ என்று முணுமுணுத்தோர் உண்டு. 1873-இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றதும் முணுமுணுப்பு அடங்கிற்று. சகுந்தலை தாமரை இலையில் மடல் தீட்டும் சித்திரத்தைச் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவே விலைகொடுத்து வாங்கினார்.

புகழ் வந்தது, கூடவே ஒரு சங்கடமும் வந்தது. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் புராண இதிகாசங்களிலிருந்து பதினான்கு சித்திரங்கள் வேண்டுமென 1888-இல் பணித்தார். கண்ணன் பிறப்பு, கம்சன் கையினின்று மாயை எழுதல், திரௌபதியின் துகிலுரிதல் முதலியன அவற்றுள் அடங்கும். உயிருள்ள மனிதரை எதிரே அமர்த்தி எழுதுவது ஒன்று. எவரும் கண்ணாற் காணாத துவாபர யுகத்தை எழுதுவது முற்றிலும் வேறு. தேவகி எவ்வாறு உடுத்திருந்தாள்? கம்சனின் சிறைச்சாலைச் சுவர் எத்தகையது? சிற்பியின் சாஸ்திரம் திருமேனியின் அளவையும் ஆயுதங்களையும் சொல்லும். புடவையின் மடிப்பையும் விளக்கின் வெளிச்சத்தையும் அது சொல்லாது.

விடை தேடித் தம்பி ஸி. ராஜராஜவர்மாவுடன் வடநாடெங்கும் யாத்திரை புறப்பட்டார். பழங்காலத்து உடை எங்கேனும் மாறாமல் வழங்குகிறதா என்று கோயில்களிலும் வீதிகளிலும் தேடினார். பாரதம் முழுவதற்கும் பொதுவான ஓர் உடை எங்கும் அகப்படவில்லை. அத்தோல்வியே அவருக்கு வழி காட்டிற்று. கிட்டாததைக் கற்பித்துக்கொள்ளாமல், கண்முன் வாழும் பெண்டிர் உடுத்தும் சேலையையே, பெரிதும் மகாராஷ்டிர முறையைத் தழுவி, தேவியர்க்கும் இதிகாச நாயகியர்க்கும் அணிவித்தார். இன்று தேவியர் படங்கள் யாவும் சேலையுடன் விளங்குவதற்கு இம்முடிவு பெருங்காரணம். அந்நாளில் பார்த்த பல தேசத்துப் பெண்டிரின் சாயலையும் அணிகலன்களையும் அவர் மறக்கவில்லை என்பதற்கு, 1889-இல் எழுதிய இசைமகளிர் குழுவின் சித்திரமே சாட்சி. அதில் பதினொரு பெண்கள் தத்தம் நாட்டு உடையுடன் ஒருங்கே வீற்றிருக்கின்றனர்.

சித்திரசாலையின் அன்றாடத்தை உலகம் அறிந்தது தம்பியால். பன்னிரண்டு ஆண்டு இளையவரான ராஜராஜவர்மா, ஆங்கிலத்தில் எழுதிவந்த நாட்குறிப்புகளில் 1895 முதல் 1904 வரையிலானவை எஞ்சியுள்ளன. இன்று எந்தச் சித்திரத்தில் வேலை நடந்தது, எந்த நாடகத்திற்குச் சென்றனர், யார் வந்து பார்த்தனர் என்று அடக்கமாக அவர் குறித்து வைத்தார். மாதிரியாக அமரப் பெண்கள் கிடைப்பது அக்காலத்தில் எளிதன்று. குடும்பத்தாரே சில வேளை அமர்ந்தனர். தந்தையின் வருகையைக் குழந்தைக்குக் காட்டும் தாயின் சித்திரத்தில் 1893-இல் எழுதப்பெற்றவள் ரவிவர்மாவின் மகள். பம்பாய் நாடக மேடையில் நடிகர் நிற்கும் நிலையையும், மேனாட்டுச் சித்திரப் பிரதிகளில் உருவங்கள் அமைந்த விதத்தையும், புகைப்படங்களையும் ஆராய்ந்து வேண்டியதைக் கொண்டனர். அண்ணன் உருவங்களை எழுத, மலையும் நீரும் வானமும் பெரும்பாலும் தம்பியின் பங்காயின.

கதையில் எந்தக் கணத்தை எடுப்பது என்பதில் ரவிவர்மாவின் மதி தனித்துவம் உடையது. காரியம் முடிந்தபின் அவர் எழுதுவதில்லை. முடியும் தறுவாயிலேயே எழுதுவார். கங்கை மகவை நீரில் விடப் போகிறாள், சந்தனு தடுக்கிறான். பூமிதேவி சீதையை அணைத்துக்கொண்டு இறங்குகிறாள். இராமபிரான் செய்வதறியாது நிற்கிறார். அடுத்த கணத்தைக் காண்பவர் நெஞ்சமே நிரப்பிக்கொள்ளும்.

கும்பகோணத்தில் பிறந்து திவானாகப் புகழ்பெற்ற சர் டி. மாதவராவ், இச்சித்திரங்களை அச்சில் ஏற்றினால் நாடு முழுவதும் பரவுமே என்று முன்னரே யோசனை கூறியிருந்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவப்பட்டது. ஒவ்வொரு வர்ணத்திற்கும் தனித்தனிக் கல் சமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் முறை அது. பொருள்நஷ்டம் மிகுந்து அச்சகம் பின்னர் கைமாறிற்று. ஆயினும் படங்கள் நிற்கவில்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-இல். அதற்கு முன்பே, கோயில் வாயிலைக் கடக்க இயலாதிருந்தவர் குடிசையிலும் திருமகள் காகிதத்தில் எழுந்தருளிவிட்டாள். தெய்வங்களை நாடக பாத்திரங்கள் போலாக்கினார் என்று ஆனந்த குமாரசாமி முதலியோர் கண்டித்தனர். கண்டனத்தில் சிறிது நியாயமும் உண்டு. எனினும் விளக்கேற்றிய கைகள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மைசூர் அரண்மனைக்காக ஒன்பது சித்திரங்கள் எழுதும் பணி அவருடைய கடைசிப் பெருங்காரியம். 1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம்பி காலமானார். வலக்கை போன்றவரை இழந்த ரவிவர்மாவும் நீரிழிவால் தளர்ந்திருந்தார். ஆயினும் கிளிமானூரில் அமர்ந்து எழுதினார். ஜடாயு வதமும், கண்ணபிரான் தூது சென்றதும், கடலரசனை இராமபிரான் அடக்கியதும் அவ்வரிசையில் 1906-இல் முடிந்தவை. திருப்புல்லாணியில் தர்ப்பசயனப் பெருமாளைச் சேவித்தோர் அக்கடற்கரைக் கதையை நன்கு அறிவர். அச்சித்திரத்தில் பாறைமேல் வில்லேந்தி இராகவன் நிற்க, கொந்தளிக்கும் அலைகளினின்று வருணன் தேவியரோடு எழுந்து இறைஞ்சுகிறான். கடலையும் வானத்தையும் எழுதத் தம்பி அருகில் இல்லாத காலத்தில் முடிந்த சித்திரம் அது.

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் பிராயத்தில், பிறந்த கிளிமானூரிலேயே ரவிவர்மா உயிர் நீத்தார்.