தோடியைத் தெரிந்தெடுத்த இராஜரத்தினம்

கடந்த மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்த பின்னர், ட்ரம்பெட் பயிலும் எமது மாணவர் ஒருவர் எம்மிடம் வந்தார். ஆண்டு விழாவில் தனியாக வாசிக்க விரும்புவதாகவும், எந்த உருப்படியை வாசித்தால் தம் முழுத் திறமையும் சபைக்குப் புலப்படும் என்றும் வினவினார். அவர் எழுதி வந்த பட்டியலில் இருந்தவை யாவும் விரைவானவை. மிக உயர்ந்த சுரத்தில் போய் முடிபவை. கைதட்டல் கிடைப்பது உறுதி. ஆயினும் அவற்றுள் எதுவும் அவரை முழுமையாகக் காட்டாது என்றே எமக்குத் தோன்றியது. அன்று நாம் அவருக்கு நேராக விடை கூறவில்லை. மாறாக, நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் வரலாற்றைக் கூறினோம். ஹோர்சன்ஸில் வாழும் ஏனைய பிள்ளைகளும் அறிய வேண்டும் என்பதால் அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

இராஜரத்தினம் 1898ஆம் ஆண்டு சோழநாட்டின் திருமருகலில் பிறந்தார். பாலசுப்பிரமணியம் என்பது இயற்பெயர். தாய்மாமனான நாதஸ்வர வித்துவான் திருமருகல் நடேசபிள்ளை அவரைத் தத்தெடுத்து வளர்த்தார். மாமன் நெடுங்காலம் வாழவில்லை. நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை எனினும், முதலில் அவர் பயின்றது வாய்ப்பாட்டே. அக்காலத்தில் வயலின் வாசிப்பிற் பெரும்புகழ் பெற்றிருந்த திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் பாட்டுப் பயின்றார். அதன் பின்னரே குழல் கைக்கு வந்தது. இதனைப் பெற்றோர் சற்றுக் கவனிக்க வேண்டும். விரல் ஓடத் தொடங்குவதற்கு முன்னரே, ராகம் எப்படி மூச்சு விடுகின்றது என்பதை அப்பிள்ளையின் தொண்டை அறிந்திருந்தது. பிற்காலத்தில் அவர் வாசிப்பைக் கேட்டோர் குழல் பாடுகின்றது என வியந்தமைக்கு வேர் அங்கேதான் உள்ளது என்பது எம் எண்ணம். இளைஞரானதும் திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக அமர்ந்தார். அவ்வூரின் பெயர் அவர் பெயரோடு ஒன்றிவிட்டது.

நாதஸ்வரக்காரர் ஒருவர் திறமை காட்டுவதற்குப் பல வழிகள் உண்டு. சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி கம்பீரநாட்டை ராகத்தில் அமைந்தது, சொற்கள் இல்லாதது, தாளக் கணக்கிற் பிடி உள்ளவரே அதை மூன்று காலங்களிலும் தடுமாறாது வாசிக்க முடியும். கீர்த்தனை வாசித்தால் பாடாந்தரம் தெரியும். பல்லவி வாசித்தால் லயஞானம் தெரியும். இவை ஒவ்வொன்றிலும் வல்லவர் அக்காலத்தில் பலர் இருந்தனர். இராஜரத்தினம் தம் பெயரைப் பதிக்கத் தெரிந்தெடுத்ததோ தோடி ராக ஆலாபனை. தாளமில்லை, சொல்லுமில்லை, ஒளிந்துகொள்ள இடமுமில்லை.

தோடி எட்டாவது மேளகர்த்தா ராகம். அதன் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியே ஆகாது. வீணையிலே தந்தியை இழுத்து அந்த அசைவைக் காட்டலாம். நாதஸ்வரத்திலோ ஏழு விரற்றுளைகள் மாத்திரமே உள்ளன. துளையை அரைவாசி, காற்பங்கு எனத் திறந்து மூடி, அதே கணத்தில் மூச்சின் வேகத்தையும் சீவாளியை உதடு பிடிக்கும் அழுத்தத்தையும் மாற்றினால்தான் சுரம் அசையும். மூன்றில் ஒன்று பிசகினாலும் அபசுரம். மெதுவாக வாசிக்கையில் மூச்சு எவ்வளவு நீளம் என்பது வெளிப்படும். மேலெழும்போது உதட்டின் உறுதி வெளிப்படும். விரைவான சங்கதிகளில் விரலும் நாவும் வெளிப்படும். பஞ்சமத்தை விட்டுவிட்டுச் செல்லும் பிடிகளில் ராகஞானம் வெளிப்படும். இவை எல்லாம் இருந்தும் கற்பனை இல்லையாயின், ஆலாபனை பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இராஜரத்தினமோ அதனை மணிக்கணக்கில் வாசித்தார். முன் வாசித்ததையே திரும்ப வாசிப்பதாகக் கேட்போருக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்தத் தோடிக்கு அவர் கையிலிருந்த குழல் இடம் கொடுக்கவில்லை. முற்காலத்தில் வழங்கியது திமிரி எனப்படும் குட்டையான நாதஸ்வரம். அதன் சுருதி ஏறத்தாழ நாலு கட்டையும் அதற்கு மேலும். தேரோடும் வீதியில் நெடுந்தூரம் கேட்பதற்கு அது ஏற்றது. நின்று நிதானித்து விரிக்கும் ஆலாபனைக்கு ஏற்றதன்று. அன்றியும் சுத்த மத்தியமம் அதில் இயல்பாகச் சரியாக விழாது; வாசிப்பவரே மூச்சாலும் விரலாலும் அடக்கிப் பிடிக்க வேண்டும். தோடிக்கு வேண்டியதோ சுத்த மத்தியமம். இக்குறையை நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த குழல் செய்யும் கலைஞர் ரங்கநாதன் ஆசாரி தீர்த்து வைத்தார். ஆச்சா மரத்தைக் கடைந்து, நீளமும் துளை அளவும் மாற்றி, சுத்த மத்தியமம் செம்மையாக ஒலிக்கும் பாரி நாதஸ்வரத்தை அவர் உருவாக்கினார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. ஒலி கனத்தது. இன்று நாம் காணும் நாதஸ்வரம் பெரும்பாலும் அதுவே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டில் இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஐரோப்பாவிலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்தது. பழைய ட்ரம்பெட்டில் எல்லாச் சுரங்களும் கிடையா. வியன்னாவில் அன்டன் வைடிங்கர் என்னும் வாத்தியக்காரர், சாவிகள் பூட்டிய ட்ரம்பெட்டைக் கையாண்டார். அதற்கெனவே ஜோசப் ஹைடன் 1796இல் ஒரு கொன்செர்ட்டோ இயற்றினார். அதன் நடுப்பகுதி மெதுவான பாட்டுப்போல அமைந்தது. ட்ரம்பெட் என்றால் போர்முழக்கம் என்றிருந்தோருக்கு அது புதுமையாக இருந்திருக்கும்.

இனி, எம் பெற்றோருக்கு நெருடலான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அக்காலத்தில் பாடகர் மேடையில் அமர்ந்து பாடினார். நாதஸ்வரக்காரர் மேற்சட்டையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றும் நடந்தும் வாசித்தார். தமிழகத்தில் மாத்திரம் அன்று, எமது ஊர்களிலும் மேளச்சமாவிலே விடியும்வரை மெய்ம்மறந்து கேட்டவர்களே, வாசித்தவரைச் சமமாக அமர்த்தி உபசரிக்கத் தயங்கிய காலம் இருந்தது. இராஜரத்தினம் குடுமியை நீக்கி முடி வெட்டிக்கொண்டார். நீண்ட மேலங்கி அணிந்தார். மேடையில் அமர்ந்தே வாசித்தார். செருக்கு என்றனர் பலர். செருக்கும் இருந்திருக்கலாம். ஆயினும், அமர்ந்து கேட்க வேண்டிய இசையை அமர்ந்து வாசிக்க இடம் கேட்பதில் என்ன தவறு என்றே நாம் கேட்கின்றோம்.

குறைகள் இல்லாதவர் அல்லர் அவர். குறித்த கச்சேரிக்கு வராமல் விடுவார்; கோபம் அதிகம்; வந்த பொருளைக் கைநிறையச் செலவு செய்துவிடுவார். பிள்ளைகள் அவற்றையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டாம்! எனினும் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் தவில் உடன் ஒலிக்க அவர் வாசித்த இரவுகளை, கேட்டவர்கள் ஆயுள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தனர். வாய்ப்பாட்டு வித்துவான் ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் விரைவான பிருகாக்களில் இராஜரத்தினத்தின் குழல் ஒலித்ததை இசையறிந்தோர் கண்டனர். குழலுக்குப் பாட்டைக் கொடுத்தவர், பாட்டுக்குக் குழலைத் திருப்பிக் கொடுத்தார் எனலாம்.

1940இல் வெளியான காளமேகம் திரைப்படத்தில் அவர் புலவர் காளமேகமாகவே நடித்தார். 1947 ஆகஸ்ட் 14ஆம் நாள், சுதந்திரத்துக்கு முந்திய மாலையில், ஆதீனத்தின் சார்பில் டில்லி சென்ற குழுவினருடன் நேருவின் இல்லத்தில் நாதஸ்வரம் வாசித்தார். 1956 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையில் காலமானார். அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் அவ்வழியைத் தொடர்ந்து பெரும்புகழ் பெற்று, 1964இல் இளவயதிலேயே மறைந்தார்.

தோடி ஆலாபனை இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். மணிக்கணக்கில் விரித்தவர் அச்சிறு இடத்துக்குள் தோடியைச் சுருக்கினார். அப்பதிவை நாம் வகுப்பறையில் மாணவருக்குப் போட்டுக் காட்டினோம். தேய்ந்த தட்டின் இரைச்சலுக்கு நடுவே முதல் காந்தாரம் அசைந்தபோது, பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த சிறுவர்களும் திரும்பிப் பார்த்தனர். ஹேர்னிங்கிலும் பிராண்டேயிலும் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் கேட்டுப் பழகிய பிள்ளைகள்தாம். ஆனால் ஊர்வலத்தின் சந்தடி இல்லாமல் அதனை மட்டும் தனித்து அவர்கள் கேட்டது அதுவே முதல் தடவை.

ட்ரம்பெட் மாணவர் இரண்டு கிழமை கழித்து மீண்டும் வந்தார். பழைய பட்டியலைக் கிழித்துவிட்டாராம். ஹைடனின் கொன்செர்ட்டோவிலிருந்து மெதுவான நடுப்பகுதியை முழுமையாகவும், அதனைத் தொடர்ந்து விரைவான இறுதிப் பகுதியிற் சிறிதளவையும் வாசிக்கவிருக்கின்றார். நடுப்பகுதியில் ஓரிடத்தில் மூச்சு இன்னும் எட்டவில்லை என்று கவலைப்படுகின்றார். விழாவுக்கு இன்னும் மூன்று கிழமைகள் இருக்கின்றன.