வக்கீல் காந்தி முடித்து வைத்த கேஸ்

காந்தித் தாத்தாவை உப்புச் சத்தியாகிரகம் செய்தவராக நமக்குத் தெரியும். ரூபாய் நோட்டில் சிரிக்கிறவராகவும் தெரியும். ஆனால் வக்கீல் காந்தியைத் தெரியுமா, நண்பர்களே?

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1891-ல் லண்டனில் பாரிஸ்டர் ஆகித் திரும்பினார். பம்பாய் கோர்ட்டில் முதல் கேஸ். சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ண எழுந்தார். தலை சுற்றியது, பேச்சே வரலை! 30 ரூபாய் ஃபீஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

1893-ல் தென்னாப்பிரிக்காவில் வியாபாரம் செய்த தாதா அப்துல்லாவின் கம்பெனி அவரை ஒரு வருஷ வேலைக்குக் கூப்பிட்டது. சம்பளம் 105 பவுண்டு. பிரிட்டோரியா நகரத்து வியாபாரி தயாப் சேட் மேல் கம்பெனி போட்டிருந்த கேஸோ 40,000 பவுண்டுக்கு! இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் சொந்தக்காரர்கள், ஒரே ஊர்க்காரர்கள்.

எல்லாம் கணக்கு வழக்கு விவகாரம். அதனால் காந்தி கணக்கு எழுதும் முறையைப் புத்தகம் வாங்கிப் படித்தார். தாதா அப்துல்லா பக்கம்தான் நியாயம் என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் கேஸ் இழுத்துக்கொண்டே போனால் வக்கீல் செலவிலேயே இரண்டு குடும்பமும் அழிஞ்சு போகும் என்பதும் புரிந்தது. அதனால் எதிராளியான தயாப் சேட்டிடமே போய்ப் பேசினார். இருவரும் நம்புகிற ஒருவரை மத்தியஸ்தராக வைக்கலாம் என்றார். கடைசியில் சம்மதித்தார்கள்.

தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாக வந்தது. அத்தோடு வேலை முடிந்ததா? இல்லை! சுமார் 37,000 பவுண்டையும் செலவுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட தயாப் சேட்டால் முடியாது. திவால் ஆவதைவிடச் சாவதே மேல் என்று நினைக்கிற சமூகம் அவர்களுடையது. உடனே காந்தி, ஜெயிச்ச தன் கட்சிக்காரரிடமே போய், ரொம்ப வருஷத் தவணை கொடுங்கள் என்று மன்றாடினார். மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்ததைவிட இதுதான் கஷ்டமாக இருந்ததாம். கடைசியில் தாதா அப்துல்லா இறங்கி வந்தார். தயாப் சேட்டின் மானம் காப்பாற்றப்பட்டது. ஊரில் இரண்டு பேருக்குமே மதிப்பு கூடியது.

பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதுதான் வக்கீலின் உண்மையான வேலை என்று அன்று காந்தி கற்றுக்கொண்டார். சுமார் 20 வருஷ வக்கீல் வாழ்க்கையில் நூற்றுக்கணக்கான கேஸ்களைச் சமரசமாக முடித்தார். அதனால் அவர் ஒன்றையும் இழக்கவில்லை.

இப்போது நம் நாட்டில் 1987-ஆம் வருடச் சட்டப்படி மக்கள் நீதிமன்றங்கள் நடக்கின்றன. நிலத் தகராறு, விபத்து நஷ்டஈடு போன்றவற்றை அங்கே பேசித் தீர்க்கலாம். கோர்ட்டில் இருக்கிற கேஸ் அங்கே முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு கிடையாது. ஆனால் கொலை, கொள்ளை மாதிரி பெரிய குற்றங்களை அங்கே பேசி முடிக்க முடியாது.

நம்ம கிளாஸிலும் சண்டை வருகிறது. ஜெயிக்கிறவர் தோற்றவருக்குக் கொஞ்சம் இடம் விட்டால், மறுநாளும் ஒரே பெஞ்சில் உட்காரலாமே!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு