இசையோடு ஆடிய பாலசரஸ்வதி

பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1918ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். வீணை தனம்மாள் அவருடைய பாட்டி. நட்டுவனார் கந்தப்பா பிள்ளையிடம் கடும் பயிற்சி பெற்று, ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார்.

அக்காலத்தில், பரம்பரையாக ஆடிவந்த பெண்களைச் சமுதாயம் இழிவாக எண்ணியது. அவர்களுக்கு மேடைகள் அருகின. ஆயினும், அவர் கலையைக் கைவிடவில்லை. தாயார் ஜெயம்மாள் மேடையில் பாட, மகள் ஆடினார். தாமே பாடியும் அபிநயம் செய்தார். 1961இல் தோக்கியோவிலும் 1963இல் எடின்பரோவிலும் ஆடி உலகப் புகழ்பெற்றார். இசைக் கலைஞர்களுக்கே உரிய சங்கீத கலாநிதி விருது 1973இல் நடனமணியான அவரைத் தேடி வந்தது. 1984இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே, ஈப்போவில் நாட்டியம் காணச் சென்றால் மேடையோரம் அமர்ந்து பாடுபவரையும் கவனியுங்கள். பாட்டின்றி ஆட்டமில்லை என்பதே பாலசரஸ்வதியின் வாழ்க்கை தரும் பாடம்.