பனிமலை கடந்த வானோடி

போடிநாயக்கனூரிலிருந்து சரிவேறி, ஏறத்தாழ 4,500 அடி உயரமுள்ள போடிமெட்டை அடைவோரை மார்கழிக் குளிர் நடுங்கச் செய்யும். இமயத்து லே நகரமோ அதனினும் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது.

1948-ஆம் ஆண்டில் பகைவர் அந்நகரை நெருங்கினர். மோட்டார்ச் சாலை இல்லாமையால் உதவிப்படை விரைந்து செல்ல இயலவில்லை. 1915-இல் பஞ்சாபில் பிறந்த விமானப்படை அதிகாரி மெகர் சிங், வான்வழியே செல்லத் துணிந்தார். இறக்கையில் உறையும் பனிக்கட்டி விமானத்தையே வீழ்த்தவல்லது. அவருடைய டகோடாவில் அதனை அகற்றும் கருவி இல்லை. காற்றழுத்தம் காக்கும் அமைப்பும் இல்லை. எனினும், பிறரை ஏவாமல் தாமே முதலில் பனிச்சிகரங்களைக் கடந்து பறந்தார். மே 24 அன்று, தளபதி திம்மையாவுடன் லேயில் இறங்கினார். அவ்வழியே பின்னர் வீரர்கள் சென்றனர், நகரம் காக்கப்பெற்றது.

மகாவீர் சக்கர விருது பெற்ற அவர், 1952-இல் விமான விபத்தில் மறைந்தார். இடர்மிகுந்த வழியில் முன்செல்பவரே தலைவர் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.