ரவிவர்மா: ஓவியத்தை ஏழையின் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பழைய லயத்து வீடுகளில் விலையுயர்ந்த பொருள்கள் இருந்ததில்லை. ஆனால் சாமி மேடையில் தாமரை மீது நிற்கும் லட்சுமியும், வீணை மீட்டும் சரஸ்வதியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார்கள். இன்றைய நாள்காட்டிகள் வரை தொடரும் இந்த உருவங்களுக்குப் பெரிதும் வழிவகுத்தவர் ராஜா ரவிவர்மா.

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் 29 ஏப்ரல் 1848-இல் பிறந்தார். சிறுவயதில் சுவர்களில் கரியால் வரைந்துகொண்டிருந்தவரை, ஓவியரான தாய்மாமா திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே எண்ணெய் வண்ணம் கற்பது எளிதாக இல்லை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகக் கற்றுத்தந்தார் என்பர். பின்னர் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சன் வரைவதைப் பார்த்தும் தேர்ந்தார்.

1873-இல் சென்னையிலும் வியன்னாவிலும் பரிசு பெற்றார். 1893-இல் சிகாகோ கண்காட்சிக்கு அனுப்பிய பத்து ஓவியங்களும் விருது பெற்றுத் தந்தன. மன்னர்கள் அவரை வரவழைத்து வரையச் சொன்னார்கள். ஆனால் அந்த ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களோடு நின்றுவிட்டன. சாதாரண மக்கள் அவற்றைப் பார்க்க வழியில்லை.

அச்சுப்படி எடுத்தால் நாடெங்கும் சேரும் என்று யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ். 1894-இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. ஜெர்மன் இயந்திரங்களும் தொழில்நுட்பர்களும் வரவழைக்கப்பட்டனர். சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புப் பசை கொண்ட மையால் படம் வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார்கள். முதலில் வந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம்.

கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட மக்களும் தங்கள் வீட்டிலேயே சாமியைப் பார்க்க முடிந்தது. இதுதான் அந்தக் காகிதத்தின் பெரிய சாதனை.

தொழிலாக மட்டும் பார்த்தால் அது தோல்வி. பிளேக் நோய் பம்பாயை முடக்கியது, கடன் பெருகியது. அச்சகம் லோனாவ்லா அருகே இடம் மாறியும் மீளவில்லை. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கு பணியாற்றிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் அச்சகத்தோடு தம் படங்களை அச்சிடும் உரிமையையும் ரவிவர்மா விற்றுவிட்டார். படங்கள் பெருகின, லாபம் அவருக்கு வரவில்லை.

வரைவதிலும் அச்சகத்திலும் துணை நின்ற தம்பி ராஜராஜவர்மா 1905-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 2-இல், 58 வயதில், கிளிமானூரில் ரவிவர்மாவும் மறைந்தார்.

மலிவுப் படங்களால் கலையின் தரத்தைக் குறைத்தார் என்று பிற்காலத்தில் சிலர் குறை கூறினர். இன்றோ காண்டின்ஸ்கியின் அருவ ஓவியத்தைக்கூட அச்சுப்படியாக வாங்கி வரவேற்பறையில் மாட்டுகிறோம். மூல ஓவியம் ஒருவருக்கே சொந்தம். அச்சுப்படி எல்லாருக்கும் எட்டும். நம் மக்களுக்கு அதை முதலில் செய்துகாட்டியவர்களில் முன்னிற்பவர் ரவிவர்மா. தாத்தா பாட்டி விட்டுச்சென்ற பழைய சாமி படம் மங்கிவிட்டதென்று தூக்கி எறியும் முன், இந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.